கடல் கடந்த பேறும் ஓராண்டுக் கெடுவும்

தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்வது தமிழ்ப் பெண்டிரின் தொன்மரபு. மலாயாவில் வாழ்க்கைப்பட்டோர் பலருக்கு அத்தாய்வீடு நாகப்பட்டினத்திற்கும் அப்பால் இருந்தது. 1926ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற ‘இரஜுலா’ போன்ற கப்பல்களில் சூலுற்றுச் சென்று, கைக்குழந்தையோடு பினாங்கில் வந்திறங்கினர். இரு கரைகளும் ஒரே முடியாட்சியின் கீழ் இருந்த காலத்தில், பிள்ளை எக்கரையில் பிறந்தது என்பது பெருங்கவலையாக இருக்கவில்லை. 1957 ஆகஸ்டு 31 அந்நிலையை மாற்றியது.

விடுதலை பெற்ற நாட்டின் அரசியலமைப்பு, மணவாழ்வில் அயல்நாட்டில் பிறந்த குழந்தையைத் தந்தை வழியாகவே குடிமகனாக ஏற்றது. அத்தந்தையரையும் அது இருவகைப்படுத்தியது. குடிமகனான தந்தை இம்மண்ணில் பிறந்தவராயின் பிள்ளைக்குக் குடியுரிமை தானே வந்து சேரும். அவர் பிறந்தது வேற்று நாடாயின், அரசுப் பணியிலிருப்போர் நீங்கலாக, ஏனையோர் ஓராண்டுக்குள் தூதரகத்திலோ அரசிடமோ பிறப்பைப் பதிதல் வேண்டும். கெடு தவறினால் நீட்டிப்பது அரசின் விருப்பம்.

இங்கே சற்று நின்று எண்ணுதல் நலம். தமிழகத்தில் பிறந்து, தோட்டத்தில் உழைத்து, பின்னர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவர்கள் இந்த இரண்டாம் வகையினர். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்த இருவருள், ஒருவர் பிள்ளைக்குத் தேவைப்படாத பதிவு மற்றவர் பிள்ளைக்கு இன்றியமையாததாயிற்று. பெயர் சூட்டி, முடியிறக்கி, காது குத்தி, கப்பலுக்குக் காத்திருப்பதற்குள் ஓராண்டு கழிவது அரிதன்று. கிராம முன்சீப்பின் ஏட்டில் பதிந்ததே போதுமென்று எண்ணிய எளியோர்க்குத் தூதரகப் பதிவு வேறென எடுத்துரைப்பார் யார்?

தாயின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பத்து மாதம் சுமந்தவள் குடிமகளே ஆயினும், கணவர் அயல்நாட்டவராயின், வெளிநாட்டில் பெற்ற மகவுக்கு அவள் வழி அவ்வுரிமை கிட்டவில்லை. சிங்கப்பூர் 2004இல் இக்குறையை நீக்கியது. மலேசியாவில் வழி நீண்டது. 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தாய்மார் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. பின்னர், தந்தைக்கு மட்டுமே இருந்த உரிமையைத் தாய்க்கும் வழங்கும் திருத்தத்தை 2024 அக்டோபரில் மக்களவையும் டிசம்பரில் மேலவையும் நிறைவேற்றின.

ஆயினும் அத்திருத்தம் பின்னோக்கிச் செல்லாது என்று அரசு அறிவித்தது. முன்னர்ப் பிறந்த பிள்ளைகளுக்கு, தனித்தனியே விண்ணப்பித்துக் காத்திருக்கும் பழைய வழியே எஞ்சியது.