பீட்டர் லிஞ்ச்: பாதி மட்டும் படிக்கப்பட்ட பாடம்

"தெரிந்ததை வாங்கு." பீட்டர் லிஞ்ச் பெயரைச் சொன்னாலே பங்குச்சந்தையில் எல்லோரும் ஒப்பிக்கும் வாசகம் இது. கேட்பதற்கு எவ்வளவு எளிது! ஆனால் லிஞ்ச் செய்த வேலையில் இது பாதிதான். மறுபாதியை யாரும் அதிகம் பேசுவதில்லை.

லிஞ்ச் 1944-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். அப்பா கணிதப் பேராசிரியர். லிஞ்சுக்குப் பத்து வயதானபோது அவர் புற்றுநோயால் இறந்தார். வயது 46 தான். அம்மா வேலைக்குப் போனார். லிஞ்ச் 11 வயதிலேயே கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் வேலையில் சேர்ந்தார். பணக்காரர்கள் ஆடிக்கொண்டே பேசிய பங்குச்சந்தைப் பேச்சு காதில் விழுந்தது. அப்படி அவர் பை சுமந்தவர்களில் ஒருவர் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தலைவர். 1966-ல் அங்கே கோடைக்காலப் பயிற்சி கிடைத்தது. ராணுவ சேவை முடிந்ததும் 1969-ல் ஆய்வாளர் வேலை கிடைத்தது.

1977-ல் மெஜல்லன் என்ற சிறிய மியூச்சுவல் ஃபண்டை அவரிடம் ஒப்படைத்தார்கள். அப்போது அதன் மதிப்பு சுமார் 1.8 கோடி டாலர். 1990-ல் அவர் விலகியபோது சுமார் 1,400 கோடி டாலர்! இடையில் புதிய முதலீட்டாளர்கள் போட்ட பணமும் இதில் உண்டு. ஆனால் வருமானம் மட்டுமே ஆண்டுக்குச் சராசரியாக 29 சதவீதம். தொடக்கத்தில் 1,000 டாலர் போட்டவருக்கு 13 ஆண்டுகளில் சுமார் 28,000 டாலர் கிடைத்திருக்கும்.

எப்படிச் சாதித்தார்? ஹேன்ஸ் கதை ஒன்று போதும். ஹேன்ஸ் நிறுவனம் பெண்களுக்கான நீளக் காலுறைகளை முட்டை வடிவ டப்பாவில் அடைத்து சூப்பர் மார்க்கெட்டில் விற்றது. லிஞ்சின் மனைவி கரோலின் வாங்கிப் பார்த்து, அருமை என்றார். நிறுவனத்தை ஆராய்ந்துவிட்டு லிஞ்ச் பங்கு வாங்கினார். எல்லோரும் சொல்வது இதுவரைதான். பிறகு இன்னொரு நிறுவனம் போட்டியாக ஒரு காலுறையைக் கொண்டுவந்தது. லிஞ்ச் அதில் பல ஜோடிகள் வாங்கி, அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்து, வீட்டில் உள்ளவர்களிடம் கருத்துக் கேட்டு வரச் சொன்னார். ஹேன்ஸ் அளவுக்கு இல்லை என்று பதில் வந்த பிறகே நிம்மதியாகப் பங்கை வைத்துக்கொண்டார்.

ஒரு பொருள் பிடித்திருப்பது ஆராய்ச்சியின் ஆரம்பம்தான், முடிவல்ல. அந்தப் பொருளால் நிறுவனத்தின் மொத்த லாபத்தில் எவ்வளவு வருகிறது, கடன் எவ்வளவு, லாப வளர்ச்சிக்கு ஏற்ற விலையா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும் என்பது லிஞ்சின் கொள்கை. காபி நன்றாக இருக்கிறது என்பதற்காக அந்தக் கடையின் பங்கை வாங்குங்கள் என்று தான் ஒருபோதும் சொன்னதில்லை என்று 2015-ல் அவரே விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த உழைப்புக்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. சனிக்கிழமையும் அலுவலகம். ஆயிரக்கணக்கான பங்குகளின் குறியீடுகள் நினைவில் இருக்கும், மகள்களின் பிறந்தநாள் மறந்துவிடும் என்ற நிலை வந்தது. 1990-ல், புகழின் உச்சியில் இருக்கும்போதே விலகினார். அப்போது அவருக்கு வயது 46. அப்பா இறந்த அதே வயது.

முழுநேரமும் இதையே செய்தவருக்கே இவ்வளவு வீட்டுப்பாடம் தேவைப்பட்டது. தெரிந்த கடையாயிற்றே என்று மட்டும் பார்த்துப் பங்கு வாங்குவது, பாடப்புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதப் போவது மாதிரிதான்.