பட்டுவாடா ரிஜிஸ்தர்

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் கோயம்புத்தூர் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்கிறார். சுமார் 400 மாணவர்களில் 10 பேர் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் யாரோடும் சேரவில்லை. மணியடிக்கும்வரை வெளியிலேயே உட்கார்ந்து படிப்பாராம்.

நூறு வருஷம் கழிச்சு, 1980இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த எங்களுக்கு மறைக்கிற தொல்லையே இல்லை. ‘எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிங்கடா’ என்று வகுப்பிலேயே கூப்பிடுவார்கள், ஸ்காலர்ஷிப்புக்காக. எந்திரிப்பது ஒன்பது பேர். பள்ளிக்குக் கபடிக் கோப்பை வாங்கித் தந்த ஏழு பேரில் ஐந்து பேர் நாங்கள்தான். ஆண்டுவிழா நாடகத்தில் மட்டும் வேஷம் கிடையாது, பெஞ்சு தூக்கலாம்.

கடைசியில் குரூப் போட்டோ. தலைக்கு அஞ்சு ரூபாய், கட்டினவன்தான் நிற்கலாம். ஸ்காலர்ஷிப் பணமோ பரிட்சை முடிஞ்சுதான் வந்தது. படத்தில் எங்களில் ரெண்டு பேர்.

அந்தப் பள்ளியின் வரலாற்றை எழுதப் போகிறவர்கள் போட்டோவை விட்டுவிட்டுப் பட்டுவாடா ரிஜிஸ்தரைத் தேடட்டும். ஒன்பது பேரும் அதில் இருக்கிறோம். கடைசியாகக் கையெழுத்துப் போட்டது நான். எனக்கு மேலே ஒரு கைநாட்டு. மகன் சூளைக்குக் கல்லறுக்கப் போயிட்டான்னு அப்பா வந்து வாங்கிட்டுப் போனது.