தூங்கி எழும் மடிக்கணினி

சென்னை ரிச்சி தெருவில் மடிக்கணினி பழுது பார்க்க நான் உட்கார்ந்தது 2006இல். "மூடித் திறந்தா வைஃபை வரலண்ணே" என்று அந்த வாரமே ஒருவர் வந்து நின்றார். இன்றும் வருகிறார்கள்.

இந்தச் சிக்கலின் வேர் பழையது. 1992இல் வந்த ஏபிஎம் என்ற மின் மேலாண்மை முறையில் கணினியைத் தூங்கவைப்பது, தாய்ப்பலகையில் இருக்கும் பயாஸ் நிரலின் வேலை. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற புதிய முறையைக் கொண்டுவந்து, அந்தப் பொறுப்பை இயங்குதளத்தின் கைக்கு மாற்றின. அப்போது வைஃபை தரமே வரவில்லை; அது 1997. 2003இல் இன்டெலின் சென்ட்ரினோ தொகுப்பு வந்த பிறகுதான் வைஃபை அட்டை மடிக்கணினிக்குள் சகஜமாகக் குடியேறியது.

எஸ்3 என்னும் தூக்கத்தில் ரேமுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். வைஃபை அட்டைக்குப் பெரும்பாலும் நின்றுவிடும். அதில் ஏற்றிய ஃபர்ம்வேர் என்னும் உள்நிரல் அழிந்துபோனால், மூடியைத் திறந்ததும் அட்டையை இயக்கும் டிரைவர் அதை மறுபடி ஏற்ற வேண்டும். அதில் ஒரு படி தவறினாலும் அட்டை கண் திறக்காது.

விரல் நீளம்கூட இல்லாத அட்டை. அதன் தலையில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர்கள். எடுத்த எடுப்பில் அதை மாற்றச் சொல்வது அநியாயம் என்பேன். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், மின்சாரம் மிச்சப்படுத்த அட்டையை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பில், ஷட்டவுன் கொடுத்தாலும் டிரைவர்களின் நிலை டிஸ்கில் அப்படியே எழுதிவைக்கப்படும். ரீஸ்டார்ட்தான் முழுக்கப் புதிதாகத் தொடங்கும். போன வாரம் ஒரு கல்லூரி மாணவி, "மூணு தடவை ஷட்டவுன் பண்ணிட்டேண்ணே" என்றாள். ரீஸ்டார்ட் கொடுத்தேன், வைஃபை வந்துவிட்டது.