கேபியன் (கற்கூடைத் தடுப்பு)

கேபியன் என்பது கம்பி வலைப் பெட்டிக்குள் கல்லை அடுக்கி எழுப்பும் தடுப்பு. ஆற்றங்கரை அரிப்பையும் மலைச்சாலைச் சரிவையும் வெள்ளத்தையும் தடுக்க இன்று பயன்படுகிறது. நெடுஞ்சாலைத் துறையின் கைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பீரங்கிப் படைகள் இதைக் கையாண்டன. அடியை வாங்கிக்கொண்டு சற்றே நெகிழ்ந்து கொடுப்பதுதான் இதன் பலம். கோலார் தங்கவயல் சுரங்கங்களில் எழுந்த கருங்கல் அடுக்குகளும் அதே குணத்தை நம்பியே நின்றன.

போர்க்களத்தில்

ஐரோப்பிய முற்றுகைப் போர்களில் கேபியன் என்றால் மேலும் கீழும் திறந்த, மிலாறால் பின்னிய உருளைக் கூடை. கூரான குச்சிகளை வட்டமாகத் தரையில் ஊன்றி, அவற்றினூடே பச்சை மிலாறுகளை வளைத்துப் பின்னுவார்கள். உயரம் ஏறக்குறைய மூன்றடி, அகலம் இரண்டடி. வெற்றுக் கூடையை ஒரே ஆள் தூக்கிவந்து வரிசையில் நிறுத்திவிடலாம். பின்னால் பள்ளம் தோண்டுகிறவர்கள் வாரும் மண் கூடைக்குள் விழும். பள்ளம் ஆழமாக ஆக, முன்னால் சுவர் நிறையும். பீரங்கிக் குண்டு கல் மதிலில் பட்டால் சில்லுகள் தெறித்து அருகிலிருப்பவரைக் கொல்லும். மண் கூடையில் பட்டால் புதைந்து நின்றுவிடும். செலவில்லாத இந்தக் கூடைதான் முற்றுகைப் படைக்குக் கவசம்.

மைசூர்ப் போர்களில் இது தென்னிந்திய மண்ணில் பெருமளவில் பயன்பட்டது. 1791இல் பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸின் படை கோலாரை எதிர்ப்பின்றிப் பிடித்துக்கொண்டு பெங்களூரை நோக்கிப் போனது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத் தீவிலிருந்த லால்பாக் தோட்டத்தின் மரங்களை வெட்டிச் சாய்த்து, கேபியன்களும் ஃபாசைன் எனும் சுள்ளிக்கட்டுகளும் செய்தது. ஹைதர் அலியின் சமாதியைச் சூழ்ந்த தோட்டம், அவர் மகன் திப்புவின் கோட்டையை முற்றுகையிடும் கருவியாக மாறியது பெருங்கொடுமை. 1780இல் தொடங்கப்பட்ட மதராஸ் பயோனியர் படையினர் 1792, 1799 முற்றுகைகள் இரண்டிலும் இருந்தார்கள். பள்ளம் வெட்டுவது, சுமப்பது, எதிரியின் குண்டுக்கு நேரே தடுப்பு அமைப்பது எல்லாம் அப்படையின் தொழில். முற்றுகை வரலாறுகள் தளபதிகளின் பெயரைச் சொல்கின்றன. ஆனால் புகழில் பெரும்பங்கு இந்தப் பயோனியர்களுக்கே உரியது. பின்னாளில் ‘தம்பிகள்’ என்று பெயர் பெற்ற மதராஸ் சாப்பர்கள் இந்த வழியில் வந்தவர்கள். மதராஸ் பொறியாளர் குழுவாகப் பெங்களூரில் அப்படை இன்றும் இருக்கிறது.

தங்கவயலில்

தங்கவயலின் நவீன வரலாற்றைத் தொடங்கிவைத்தவர்களும் படைவீரர்களே. திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர் நில அளவைக்கு வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் 1802இல் இங்கே தங்கம் இருப்பதை ஆராய்ந்தார். நியூசிலாந்தின் மாவோரிப் போரில் இருந்து திரும்பிய மைக்கேல் லாவெல் 1875இல் சுரங்க உரிமம் பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்தது.

சுரங்கம் ஆழமானதும் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறத் தொடங்கியது. முதலில் இதை ‘ஏர் பிளாஸ்ட்’ என்றார்கள். ராக் பர்ஸ்ட் என்ற பெயர் பிறகு நிலைத்தது. முட்டுக்கொடுத்த மரங்கள் முறிந்தன. அந்த இடத்தில் சாந்து பூசாத கருங்கல் அடுக்குச் சுவர்கள் எழுந்தன. கூரைப்பாறை இறங்க இறங்க கற்கள் நெருங்கி அமுங்கி, பாரத்தைப் படிப்படியாக வாங்கிக்கொள்ளும். பிற்காலத்தில் அதற்குப் பதிலாகக் கான்கிரீட் நிரப்பும் முறை வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் உயிரைப் பணயம் வைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள்.

பொதுமக்கள் பயன்பாடு

மிலாறு போய்க் கம்பி வந்ததும் கேபியன் நிரந்தரக் கட்டுமானமானது. இத்தாலியின் பொலோனியா அருகே ரெனோ ஆற்றின் அணைக்கட்டைச் சீர்செய்ய 1890களில் மக்காஃபெரி நிறுவனம் கம்பிக் கூடைகளைப் பயன்படுத்தியது. இங்கிலாந்தின் லீட்ஸில், வேலையிழந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஜிமி ஹெசல்டன் 1989இல் ஹெஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கினார். கம்பி வலைக்குள் துணி உறையிட்டு மண் நிரப்பும் அவருடைய தடுப்பு கரை அரிப்புக்காகப் பிறந்தது; 1991 வளைகுடாப் போரிலிருந்து ராணுவ முகாம்களுக்குப் போனது. 2009இல் அமெரிக்காவின் ஃபார்கோ நகரை வெள்ளம் நெருங்கியபோது அதுவே ஊர்க்காவலுக்கு நின்றது.

இந்தியாவில் கம்பி வலைக் கேபியனுக்கு ஐஎஸ் 16014 தரநிலை உண்டு. இரட்டை முறுக்கு அறுகோண வலையில் பெட்டி செய்வார்கள். முகப்புக் கற்களைக் கையால்தான் அடுக்க வேண்டும். கொட்டி நிரப்பினால் வயிறு தள்ளிவிடும். நீலகிரி உட்பட மலைச்சாலைகளில் இவை பரவலாக உள்ளன.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவாக ஊருக்குள் எஞ்சி நிற்கும் சயனைடு மலைகளின் தூள் காற்றில் வீடுகளுக்குள் வருகிறது. மழையில் ஓடைகளில் கரைந்து இறங்குகிறது. காற்றுக்குச் செடிப் போர்வைதான் வழி; மழை அரிப்புக்கு அடிவாரத்தில் கேபியன் பொருந்தும். ஆனால் வெறும் கற்கூடை வழியே மாவு போன்ற தூள் ஒழுகிவிடும். பின்புறம் வடிகட்டும் ஜியோடெக்ஸ்டைல் துணியும், உப்பும் ரசாயனமும் அரிக்காதபடி பிவிசி பூசிய கம்பியும் அங்கே கட்டாயம் வேண்டும்.