கோபுரத்திலிருந்து குறிப்பேட்டுக்கு

'உண்மை அறியும் குழு' என்ற சொற்களைச் செய்தித்தாளில் பார்க்காத தமிழர் குறைவு. எங்கோ ஒரு காவல் மரணம், ஒரு துப்பாக்கிச் சூடு, தீ வைக்கப்பட்ட ஒரு குடியிருப்பு. சில நாட்களுக்குள் ஒரு வழக்கறிஞர், ஒரு பேராசிரியர், உள்ளூர்த் தோழர் ஒருவர் என நான்கைந்து பேர் சொந்தக் காசில் பேருந்து ஏறிப் போகிறார்கள். பாதிக்கப்பட்டவர், அக்கம்பக்கத்தார், காவல் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என எல்லாரிடமும் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். பிறகு பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிக்கையைக் கொடுக்கிறார்கள். நமக்குப் பழகிப்போன இந்த வழக்கம் நம் கைக்கு வந்து சேருமுன் சுற்றிய ஊர்கள் கொஞ்சமல்ல.

திருவரங்கத்தில் தொடங்கலாம். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருச்சிராப்பள்ளிச் சீமையை ஆண்ட கோனேரிராஜன் கோயில் ஊர்களைக் குத்தகைக்கு விட்டான், புதுப்புது வரிகளைப் போட்டான். அதை எதிர்த்துச் சிலர் கோபுரத்தின் மேலேறி விழுந்து உயிர்விட்டார்கள் என்கிறது கோயிலின் வரலாற்று ஏடான கோயிலொழுகு. கொடுமையை நாலு பேர் அறியச் செய்ய அவர்களிடம் இருந்தது சொந்த உடம்பு மட்டுமே.

ஆனால் அதற்குச் சில தலைமுறைகள் முன்பே வேறொரு வழியும் முயலப்பட்டிருக்கிறது. 1429இல் பெரம்பலூர் பக்கத்து ஆடுதுறை உட்படப் பல ஊர்களில் வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவினர் சேர்ந்து கல்வெட்டு வெட்டினார்கள். அதிகாரிகளும் நிலவுடைமையாளர்களும் முறைகேடாக வரி வாங்குகிறார்கள், நாம் ஒன்றுபடாததால்தான் இது நடந்தது, இனி இவ்வளவுதான் கொடுப்போம் என்பது அதன் சாரம். யார், என்ன செய்தார்கள் என்று பேர் சொல்லிப் பொதுவில் எழுதி வைப்பது. பின்னால் வந்த அத்தனை அறிக்கைகளுக்கும் இதை மூத்தது என்று கொள்ளலாம்.

அடுத்த தாவல் சென்னைக்கு. 1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி என்ற வணிகர் மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷனைத் தொடங்கினார். வரி கட்ட முடியாத விவசாயியைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய்ச் சேவகர்கள் வதைப்பதை அவர் விடாமல் வெளியே சொன்னார். 1853இல் சென்னை வந்த ஆங்கிலேய நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோரை உள்ளூர்களுக்கு அழைத்துப்போய் நேரில் காட்டினார். மறு ஆண்டு லண்டன் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. கம்பெனி அரசு எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற மூவரைக் கொண்டு சித்திரவதை விசாரணைக் குழு அமைத்தது. 1855இல் அறிக்கை தந்த அந்தக் குழுவுக்கு வந்த புகார்கள் 1,959. விரல்களை நெரிக்கும் கிட்டி, குனியவைத்துக் கட்டிவிட்டு வெயிலில் நிறுத்துவது என வதைமுறைகளின் பெயரோடு எல்லாம் அச்சேறின.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் இரண்டு எனக்கு வியப்பு. வரி வசூலிப்பவரே போலீஸ் வேலையும் பார்ப்பதுதான் நோயின் வேர் என்று அறிக்கை காட்ட, 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. அதாவது இன்றைய காவல்துறையின் பிறப்பிலேயே ஒரு சித்திரவதை அறிக்கை இருக்கிறது. இன்னொன்று, அந்த நீலநிற அரசு அறிக்கை லண்டனில் கார்ல் மார்க்சின் கையில் கிடைத்தது. அவர் அதைக் கொண்டு 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் கட்டுரை எழுதினார். காவிரிக்கரை விவசாயியின் வலி அமெரிக்காவில் காலைச் செய்தியானது.

இந்த வேலையை அரசு நியமிக்காத, சம்பளம் வாங்காத ஒருவரே செய்யலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் எமிலி ஹாப்ஹவுஸ். 1901இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படை டச்சு வழிவந்த போயர் பெண்களையும் குழந்தைகளையும் அடைத்த முகாம்களுக்குப் போய்க் கூடாரம் கூடாரமாக விசாரித்து அறிக்கை எழுதினார். கறுப்பின மக்களின் முகாம்களிலும் ஆயிரமாயிரமாக மாண்டார்கள். ஆனால் அந்த முகாம்களை அவர் நேரில் விசாரிக்கவில்லை. யாரைக் கேட்கிறோம் என்பதைப் போலவே யாரைக் கேட்காமல் விடுகிறோம் என்பதும் அறிக்கையைத் தீர்மானிக்கிறது.

இதே ஹாப்ஹவுஸ்தான் 1913 இறுதியில், அங்கிருந்த இந்தியத் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின், காந்திக்காகத் தென்னாப்பிரிக்க அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸிடம் பரிந்து எழுதியவர். காந்தி இந்தியா திரும்பி 1917இல் பீகாரின் சம்பாரண் போனபோது செய்தது கூட்டம் போட்டுப் பேசுவதல்ல, வாக்குமூலம் எழுதுவது. தொண்டர் வழக்கறிஞர்கள் ஒவ்வொரு அவுரி விவசாயியையும் குறுக்கு விசாரணை செய்தார்கள். நிற்காத வாக்குமூலத்தைத் தள்ளினார்கள். உளவுப் போலீஸ்காரரைப் பக்கத்திலேயே உட்கார விட்டார்கள். இந்தக் கடைசி விதி எனக்கு மிகப் பிடித்தது. மறைக்க எதுவுமில்லாத குறிப்பேட்டைப் பறிமுதல் செய்து யாருக்கும் லாபமில்லை.

ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் இந்த முறை பஞ்சாப் போனது. அரசின் ஹண்டர் குழுவுக்குப் போட்டியாகக் காங்கிரஸ் தன் விசாரணையை நடத்தி, 1,700க்கும் மேற்பட்டோரின் வாக்குமூலங்களைப் பரிசீலித்து, சுமார் 650ஐ அச்சிட்டது. அந்தக் காங்கிரஸ் குழுவின் செயலாளர் லாகூரில் வழக்கறிஞராக இருந்த கும்பகோணத்துக்காரர், கே. சந்தானம்.

1936இல் ஜவாஹர்லால் நேருவின் முயற்சியில் இந்தியக் குடியுரிமைகள் சங்கம் பிறந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த சங்கங்களைப் பார்த்து உருவானது அது. தாகூர் கௌரவத் தலைவர், சரோஜினி நாயுடு செயல் தலைவர். பத்தே ஆண்டுகளில் காட்சி மாறியது. 1946 செப்டம்பர் 5 அன்று திருச்சி பொன்மலையில் ரயில்வே தொழிற்சங்கத்தின் மீது போலீஸ் சுட்டது. ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்போது மாகாணத்தை ஆண்டது காங்கிரஸ் அமைச்சரவை. அன்று காயமடைந்த தொழிற்சங்கத் தலைவர் அனந்தன் நம்பியார் பின்னால் திருச்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். அப்பதவியில் இருக்கும்போதே 1964 இறுதியில் இந்தியப் பாதுகாப்பு விதிகளில் சிறையிடப்பட்டு, உச்ச நீதிமன்றம் போய்த் தோற்றார். ஆட்சிக்கு வந்தவர்கள் தாங்கள் கட்டிய குடியுரிமைகள் சங்கத்தை மறந்துவிட்டிருந்தார்கள்.

இதற்கிடையில் லண்டனில் வேறொரு கிளை முளைத்தது. 1961 மே 28 அன்று வழக்கறிஞர் பீட்டர் பெனன்சன் அப்சர்வர் இதழில் மறக்கப்பட்ட கைதிகளைப் பற்றி எழுதிய கட்டுரை, ஓராண்டு இயக்கமாகத் தொடங்கி ஆம்னஸ்டி இன்டர்நேஷனலாக நிலைத்துவிட்டது. குழுக்கள் தங்கள் சொந்த நாட்டுக் கைதிக்காக எழுதுவதில்லை என்பது அதன் பழைய விதி; பக்கச்சார்பு வராமலிருக்க. 1973இல் பிரேசிலில் பிடிபட்ட பேராசிரியர் லூயிஸ் பசிலியோ ரோசிக்காகக் கடிதங்கள் குவிந்தன. தன் பெயர் வெளியே தெரிந்துவிட்டது, இனிக் கொல்ல முடியாது என்று சிறைக்குள் அவருக்குப் புரிந்தது.

நம் ஊர்க் குழுக்கள் இந்த விதியை எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே பக்கத்து ஊர்க்காரர்தான் போகிறார், அதற்கான விலையையும் அவரே கொடுக்கிறார். நெருக்கடிநிலையின்போது 1976இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னின்று தொடங்கிய மக்கள் சிவில் உரிமைக் கழகமும், ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கமும் 1984 டெல்லி சீக்கியர் படுகொலை நடந்த சூட்டோடு ஓர் அறிக்கையைக் கூட்டாக வெளியிட்டன. மற்ற மாநிலக் குழுக்களுக்கு அது முன்மாதிரியானது. கடிதத்துக்கும் இங்கே பலன் உண்டு. மேற்கு வங்கத்தின் டி.கே. பாசு 1986இல் காவல் மரணச் செய்திகளை இணைத்துத் தலைமை நீதிபதிக்கு அனுப்பிய கடிதமே வழக்காகி, 1996இல் கைதுக்கான 11 விதிமுறைகளைத் தந்தது.

தமிழ்நாட்டில் இந்த வேலையின் நீளத்தை அளக்க வாச்சாத்தி போதும். 1992 ஜூன் 20 அன்று அந்த ஊரின் பழங்குடிப் பெண்கள்மீது அரசு ஊழியர்கள் நடத்திய கொடுமையை மலைவாழ் மக்கள் சங்கத்தினர் வெளிக்கொணர்ந்தார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களையும் குற்றவாளிகள் என்றது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தோரு ஆண்டுகள் அந்தப் பெண்களின் வாய்மொழி மாறாமல் நின்றது.

திருச்சி மாவட்டம் லால்குடிப் பக்கம் திண்ணியத்தில் 2002 மே மாதம், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்ட விவகாரத்தில், தலித்துகள் இருவருக்குச் சூடு வைத்து மலத்தைத் தின்ன வைத்தார்கள். வழக்கறிஞர்களும் தலித் இயக்கத்தினரும் அதை விடாமல் தூக்கிப் பிடித்ததால்தான் அந்தச் சிற்றூரின் பெயர் உலக மனித உரிமை அறிக்கைகள்வரை போனது.

திருச்சி மத்திய சிறை வளாகத்தில் ஈழத் தமிழரையும் பிற வெளிநாட்டவரையும் அடைத்துவைக்கும் சிறப்பு முகாம் இருக்கிறது. பிணை கிடைத்தவரையும் தண்டனை முடிந்தவரையும் வெளிநாட்டவர் சட்டத்தின் பெயரில் அங்கே வைத்தார்கள். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்த ராஜீவ் கொலை வழக்குக் கைதிகளில் இலங்கையைச் சேர்ந்த நால்வரும் நேராக அங்கேதான் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் சாந்தன், ஊர் திரும்ப ஒப்புதல் கிடைத்த சில நாளிலேயே, 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவர் ஏப்ரலில் இலங்கை போய்ச் சேர்ந்தார்கள். சிறப்பு முகாம்களை மூடச் சொல்லி உரிமை அமைப்புகள் ஆண்டுக்கணக்காக அறிக்கை விட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தக் கோரிக்கைக்கு இன்னும் பதில் வரவில்லை.