டாஞ்சியரில் ஒரு பிரஜை



அயல்நாட்டில் குடியிருக்கும் ஒருவரைக் கொள்ளையர் கவர்ந்து சென்றால், அவரை மீட்கும் கடமை எந்த அரசைச் சாரும்? அவர் எந்நாட்டுப் பிரஜையோ அந்நாட்டு அரசையே என்று உடனே விடை கூறிவிடுவோம். 1904ஆம் ஆண்டில் மொராக்கோவில் நிகழ்ந்த ஒரு சம்பவம், அவ்விடை அத்துணை எளிதன்று என்பதைக் காட்டுகிறது.

அந்நாளில் சுல்தான் அப்துல் அஸீஸ் பெயரளவில் நாடு முழுமைக்கும் அரசர். மலைநாட்டிலோ அவருடைய ஆணை செல்லவில்லை. டாஞ்சியர் துறைமுகத்தை அடுத்த குன்றின்மேல் மாளிகை கட்டி வாழ்ந்தவர் அயான் பெர்டிகாரிஸ் என்னும் செல்வர். கிரேக்கத் தந்தையின் மகனாயினும் அமெரிக்கர் என்றே அனைவரும் அவரை அறிந்திருந்தனர். மே 18ஆம் நாள், ரைசூலி என்னும் மலைத் தலைவன் தன் ஆட்களுடன் மாளிகையுள் புகுந்து, அவரையும் பிரிட்டிஷ் பிரஜையான அவர் மனைவியின் மகனையும் பிடித்துச் சென்றான். 70,000 டாலர் பணம், சிறையிலிருந்த தன் ஆட்களின் விடுதலை, டாஞ்சியர் பாஷாவின் பதவி நீக்கம், சில மாவட்டங்களின் அதிகாரம் ஆகியவற்றைக் கேட்டான். இவற்றுள் எதையும் அவன் பெர்டிகாரிஸிடம் கேட்கவில்லை. யாவும் சுல்தானிடம் கேட்டவை. வெளிநாட்டாரைப் பிடித்தால் வெளிநாட்டு அரசுகளே சுல்தானை நெருக்கும் என்பதை அவன் நன்கறிந்திருந்தான்.

ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஏழு போர்க்கப்பல்களை அனுப்பினார். ஜூன் மாதத் தொடக்கத்தில் ஏதென்ஸிலிருந்து வந்த செய்தியோ வாஷிங்டனைத் திடுக்கிடச் செய்தது. 1862இல், உள்நாட்டுப் போரின்போது, தென் மாநிலத்திலிருந்த தம் சொத்து பறிபோகாதிருக்கும் பொருட்டு, பெர்டிகாரிஸ் கிரேக்கப் பிரஜையாகிவிட்டிருந்தார்! ரேஷன் அட்டைக்காக வேற்று மாநில அலுவலகத்தில் நின்று, 'நீர் எவ்வூரார்?' என்ற கேள்விக்குச் சான்று தேடிய நேயர்களுக்கு, ஒரு காகிதத்தின் வலிமையை நான் விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் ரைசூலி அவரை அமெரிக்கர் என்றெண்ணியே பிடித்தான். அதுவே போதும் என ரூஸ்வெல்ட் கருதினார். செய்தி வெளிவரவில்லை.

ஜூன் 22இல் அயலுறவு அமைச்சர் ஜான் ஹே டாஞ்சியருக்குத் தந்தி அனுப்பினார்: பெர்டிகாரிஸ் உயிருடன் வேண்டும், இல்லையேல் ரைசூலியின் பிணம் வேண்டும் என்பது அதன் கருத்து. சிகாகோவில் கூடியிருந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் இது படிக்கப்பட, ஆரவாரம் வானைப் பிளந்தது. அவ்வாண்டு தேர்தல் ஆண்டு. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனாதலால், தந்தியின் பின்பகுதியே என் கண்ணில் படுகிறது: தனி உத்தரவின்றிப் படையை இறக்கலாகாது, சுங்கச் சாவடியைக் கைப்பற்றலாகாது, சிக்கல் மிகலாகாது. உலகம் நினைவில் வைத்திருப்பது முதல் வாக்கியத்தை மட்டுமே.

உண்மையில், அத்தந்தி புறப்படுமுன்பே சுல்தான் இணங்கிவிட்டார். இரண்டொரு நாளில் பெர்டிகாரிஸ் வீடு திரும்பினார். தம்மைச் சிறைவைத்தவனைப் பற்றி மதிப்புடனேயே பின்னர் எழுதினார். அவருடைய குடியுரிமை பற்றிய மர்மம் 1933இல் ஹேயின் வரலாற்று நூல் வெளிவந்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே அவர் காலமாகியிருந்தார்.

ரைசூலியோ 1907இல், சுல்தானின் படைப் பயிற்சியாளரான மக்லீன் என்னும் ஸ்காட்லாந்துக்காரரைப் பிடித்து வைத்தான். அவரை விடுவிக்க 20,000 பவுன் பேசப்பட்டது. அதனுடன் அவன் பெற்ற மற்றொன்று, தனக்கும் தன் குடும்பத்துக்கும் பிரிட்டிஷ் அரசின் பாதுகாப்பு.