சுஜாதாவின் அறிவியல் புனைவு: வானமா, பதிவேடா?

ஆலங்காயத்தை அடுத்து, ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர். அங்குள்ள வான் ஆய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிவதில் பங்கேற்றது, 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வந்து சேர்ந்தது. அதே ஆண்டுகளில்தான் தமிழில் அறிவியல் புனைவைப் பத்திரிகை வாசகர் வரை கொண்டுபோனார் சுஜாதா (எஸ். ரங்கராஜன், 1935–2008). ஆனால் 'சொர்க்கத் தீவு', 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' என்ற அவருடைய மூன்று நாவல்களும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. அவற்றின் கவலை ஆட்சி. அவரை மேலைநாட்டுச் சரக்கின் இறக்குமதியாளர் என்று ஒதுக்குவோர் இதைக் கண்டுகொள்வதில்லை.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த ரங்கராஜன், விமானப் போக்குவரத்துத் துறையிலும் பின்னர் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸிலும் பணியாற்றினார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. பகலில் அரசுத் துறைப் பொறியாளர் என்பதைத் துணைத் தகவலாகச் சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். அவருடைய கற்பனையின் ஊற்றே அதுதான் என்பது என் வாதம்.

ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வையே எடுத்துக்கொள்வோம். அந்த ஆட்சியில் குழந்தை பெற அரசு அனுமதி வேண்டும். பெயர் இரண்டே எழுத்துதான். நாயகி நிலா, சிபி, ரவி, ஆளும் ஜீவா என எல்லாம் இரண்டெழுத்து. இயந்திர நாய் ஜீனோவும் அப்படியே. குடிமகளும் அவள் கைக்கு வந்த கருவியும் ஒரே பதிவேட்டில் ஏறக்கூடிய பெயர்களோடு நடமாடுகிறார்கள். ஆர்வெல்லின் '1984' கண்காணிப்பைத் திரையில் வைத்தது. சுஜாதா அதைப் படிவத்தின் கட்டத்துக்குள் வைத்தார். நினைவகம் விலையுயர்ந்திருந்த காலத்துக் கணிப்பொறியில், பெயருக்கு எத்தனை இடம் ஒதுக்குவது என்பது நிஜமான கேள்வி. சுஜாதாவே பெயருக்கு இடமில்லாமல் போனவர்தான்: குமுதத்தில் ரா. கி. ரங்கராஜன் என்ற எழுத்தாளர் ஏற்கெனவே இருந்ததால், மனைவியின் பெயரைப் புனைபெயராக்கிக்கொண்டார்!

ஜீவாவோ வெறும் ஹோலோகிராம். உத்தரவு எங்கிருந்து வருகிறது என்பதே கதை. வாக்கு இயந்திரத்துக்கும் இதே கேள்வி உண்டு: பொத்தானுக்குப் பின்னால் இருப்பதை யார் சரிபார்ப்பது? 1982இல் கேரளத்தின் பறவூரில் அந்த இயந்திரம் சோதிக்கப்பட்டது; ஆனால் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே இயந்திரத்துக்கு வழி பிறந்தது. ஜீவாவின் நாட்டில் அப்படி முறையிட ஒரு வாசல் இல்லை.

நாவலின் பலவீனம் ஜீவாவுக்கு எதிரான கிளர்ச்சியில் தெரிகிறது. பதிவேட்டை அத்தனை நுட்பமாக எழுதியவர், ஆட்சி கவிழ்வதைத் தொடர்கதையின் அவசரத்தில் முடித்துவிடுகிறார். ஆனாலும் அங்கே ஒரு கூர்மை தப்பிப் பிழைக்கிறது. பிம்பம் போன இடத்தில் நிலா ராணியாக அமர்த்தப்படுகிறாள். அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' தொடங்கும்போது அதிகாரம் அவளை முன்னிறுத்தியவர்கள் கையில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டு அவளுக்கு யோசனை சொல்வது ஜீனோ.